நைரோபியிலிருந்து கேப் டவுன் வரை பைக்கில்: முதல்முறை போகிறவர்களுக்கு

ஆப்பிரிக்காவை பைக்கில் கடக்க ஆசைப்படுகிறவர்கள் வரைபடத்தில் முதலில் போடும் கோடு கெய்ரோவிலிருந்து கேப் டவுன் வரை இருக்கும். அந்தக் கோட்டை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். சூடானில் 2023 ஏப்ரலில் தொடங்கிய போர் அந்தப் பாதையை நடுவில் வெட்டிவிட்டது. எத்தியோப்பியாவின் வடபகுதியும் நிம்மதியாக ஓட்டிப்போகும் நிலையில் இல்லை. போதாததற்கு, எகிப்து வண்டிக்குக் கேட்கும் காகிதங்களும் பிணைத்தொகையும் புதிதாகக் கிளம்புகிறவரைத் தொடக்கத்திலேயே சோர்வடையச் செய்துவிடும்.

அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது தெற்குப் பாதி. நைரோபியில் தொடங்கி தான்சானியா, ஜாம்பியா, போட்ஸ்வானா, நமீபியா வழியாக கேப் டவுன். நேராகப் போனால் ஆறாயிரம் கிலோமீட்டர் சொச்சம், நமீபியாவில் ஆசை தீரச் சுற்றினால் ஏழாயிரத்தைத் தாண்டும். இந்த ஆறு நாடுகளிலும் நம்மூர் போலவே சாலையின் இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள், ஆங்கிலம் பெரும்பாலும் செல்லுபடியாகும், முக்கியச் சாலைகள் கிட்டத்தட்ட முழுவதும் தார். மண்ணும் சரளையும் வேண்டுமென்றால் நமீபியாவில் நீங்களாகத் தேடிப் போகலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம். முதல் பயணத்துக்கு இதைவிட நல்ல பாதை இந்தக் கண்டத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் நாட்களை ஒதுக்குங்கள், பிறகுதான் மற்றதெல்லாம்

பெரும்பாலானோர் வண்டியிலிருந்து திட்டமிடத் தொடங்குகிறார்கள். நான் நாட்களிலிருந்து தொடங்கச் சொல்வேன். ஏழாயிரம் கிலோமீட்டரை நாளுக்கு ஐந்நூறு என்று வகுத்து, இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டால், இருட்டியபிறகும் ஓட்டுவது, எல்லையில் காகிதத்தைச் சரிபார்க்காமல் கிளம்புவது, காய்ச்சலோடு வண்டி ஏறுவது என்று எல்லா வம்பும் அந்தக் கணக்கிலேயே ஒளிந்திருக்கும். தார்ச் சாலையில் நாளுக்கு 300 கிலோமீட்டர், சரளையில் 200 என்று வையுங்கள். ஒவ்வொரு எல்லைக்கும் ஒரு முழு நாள். வாரத்துக்கு ஒரு நாள் வண்டியைத் தொடாமல் ஓய்வு. இப்படிப் போட்டு, நைரோபியில் தங்கவும் வழியில் சுற்றிப்பார்க்கவும் நாட்களைச் சேர்த்தால் எட்டு வாரம் வரும், பத்து வாரம் இருந்தால் நிம்மதி. எட்டு வாரம் கிடைக்காது என்றால் பாதையைச் சுருக்குங்கள், நாளைச் சுருக்காதீர்கள். நைரோபியிலிருந்து விக்டோரியா அருவி இருக்கும் லிவிங்ஸ்டன் வரை மட்டும் போனாலே அது அருமையான பயணம்.

திரும்பும் விமான டிக்கெட்டை மாற்றத்தக்கதாகவே எடுங்கள்.

எப்போது கிளம்புவது? கென்யாவிலும் வட தான்சானியாவிலும் மார்ச் முதல் மே வரை பெருமழை, நவம்பர், டிசம்பரில் சிறுமழை. ஜாம்பியாவுக்குத் தெற்கே நவம்பர் தொடங்கி மார்ச், ஏப்ரல் வரை மழை. கேப் டவுன் மட்டும் தலைகீழ், அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலமும் மழையும் ஒன்றாக வரும். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் விடை ஒன்றுதான்: ஜூலைத் தொடக்கத்தில் நைரோபியை விட்டு, செப்டம்பரில் கேப் டவுன் போய்ச் சேர வேண்டும். ஆனால் ஜூலை, ஆகஸ்ட் இரவுகளில் கலஹாரியிலும் நமீபியா மேட்டுநிலத்திலும் தண்ணீர் பாட்டிலில் பனிக்கட்டி கட்டும் அளவுக்குக் குளிரும். ஆப்பிரிக்கா என்றாலே வெயில்தானே என்று மெல்லிய தூக்கப்பையோடு போகிறவர்கள் அங்கே தூங்காமல்தான் விடியலைப் பார்ப்பார்கள். பூஜ்ஜியம் டிகிரி தாங்கும் பை எடுத்துப் போங்கள்.

வண்டி: சின்னது போதும்

பெரிய 1200 சிசி வண்டி வேண்டும் என்ற எண்ணம் படங்களைப் பார்த்து வருவது. மணலில் விழுந்தால் நீங்கள் தனியாகத் தூக்க முடிகிற வண்டிதான் உங்களுக்கான வண்டி. சுமையோடு சேர்த்துத் தூக்கிப் பாருங்கள், வீட்டு வாசலிலேயே பாருங்கள். முடியவில்லை என்றால் சுமையைக் குறையுங்கள், இல்லையேல் வண்டியை மாற்றுங்கள்.

300 முதல் 450 சிசி வரை இந்தப் பாதைக்குத் தாராளம். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் நல்ல தேர்வு, பழைய 411-க்கு 15 லிட்டர் டேங்க், புதிய 450-க்கு 17. லிட்டருக்கு 28, 30 கொடுத்தால் நானூறு கிலோமீட்டர் தாண்டும், இந்தப் பாதையில் அதற்கு மேல் தேவைப்படாது. இன்னொரு வழியும் இருக்கிறது, அதைப் பலர் யோசிப்பதே இல்லை. கிழக்கு ஆப்பிரிக்காவின் தெருக்களில் ஓடும் போடாபோடா டாக்சி வண்டிகளில் கணிசமானவை நம் பஜாஜ் பாக்ஸரும் டிவிஎஸ் ஹெச்எல்எக்ஸும்தான். ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் அதே டிவிஎஸ். நெடுஞ்சாலையோரச் சிற்றூரில்கூட அதற்கு கிளட்ச் தட்டும் செயினும் கிடைக்கும். மணிக்கு 70 கிலோமீட்டரில் மனம் நிறைவாகப் போக முடியும் என்றால் 150 சிசி வண்டியில் இந்தப் பாதை முழுவதையும் கடக்கலாம்.

ஊரிலிருந்து உங்கள் வண்டியைக் கொண்டுபோவதா, அங்கே வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா? ஊர் வண்டி என்றால் கப்பலில் மொம்பாசாவுக்கு அனுப்பலாம், அல்லது விமானத்தில் நைரோபிக்கு. கப்பல் கட்டணம் குறைவாகத் தெரியும், ஆனால் துறைமுகத்தில் சரக்கு முகவர், கிடங்கு, கையாளும் கூலி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து கடைசித் தொகை வேறு முகம் காட்டும். எந்த முகவரிடமும் அந்தப் பக்கத்துச் செலவையும் சேர்த்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விமானத்தில் அனுப்பினால் செலவு கூடும், நாட்கள் மிச்சமாகும். எப்படி அனுப்பினாலும் பெட்ரோலைக் கிட்டத்தட்ட முழுவதும் வடிக்க வேண்டும், பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும், மரப்பெட்டி அளவைக் குறைக்க முன்சக்கரத்தையும் ஹேண்டில்பாரையும் கழற்றிப் படுக்கவைத்தால் கட்டணம் குறையும்.

கென்யாவில் வாங்கினால் பதிவு உங்கள் பெயருக்கு மாறி, பதிவுப் புத்தகம் கைக்கு வரும்வரை எல்லை தாண்டாதீர்கள். வேறொருவர் பெயரிலுள்ள வண்டியை ஓட்டுவதாக இருந்தால், இன்னின்ன நாடுகளுக்குக் கொண்டுபோக அனுமதிக்கிறேன் என்று உரிமையாளர் எழுதி நோட்டரி முத்திரை வைத்த கடிதம் வேண்டும். வாடகை வண்டிக்கும் இதே கதைதான்.

காகிதங்கள்

இந்தப் பகுதியைச் சலிப்பாக நினைத்துத் தாண்டிவிடாதீர்கள்.

கார்னே என்பது உங்கள் வண்டிக்கான பாஸ்போர்ட். வண்டியை ஒரு நாட்டுக்குள் தற்காலிகமாகத்தான் கொண்டுவருகிறீர்கள், விற்றுவிட்டுப் போகமாட்டீர்கள் என்பதற்கு உங்கள் நாட்டு ஆட்டோமொபைல் சங்கம் கொடுக்கும் உறுதி அது. இந்தியாவில் மும்பையின் வெஸ்டர்ன் இந்தியா ஆட்டோமொபைல் அசோசியேஷன் இதைத் தருகிறது. வண்டியின் மதிப்பையும் போகும் நாடுகளையும் பொறுத்துப் பிணைத்தொகை கட்ட வேண்டும். ஓராண்டுக்குச் செல்லும்.

புத்தகத்தின் ஒவ்வொரு தாளும் மூன்று துண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும். நாட்டுக்குள் நுழையும்போது கீழ்த்துண்டைக் கிழித்துக்கொள்வார்கள், வெளியேறும்போது நடுத்துண்டை. மேல்துண்டு உங்களிடமே நிற்கும், அதில் நுழைந்ததற்கு ஒரு முத்திரை, வெளியேறியதற்கு ஒரு முத்திரை இருக்க வேண்டும். இந்த இரண்டாவது முத்திரை இல்லையென்றால் வண்டி இன்னும் அந்த நாட்டில்தான் இருக்கிறது என்று பொருள், பிணைத்தொகை சிக்கிக்கொள்ளும். அதிகாரி முத்திரை வைத்துக் கொடுத்ததும் கவுண்டரை விட்டு நகராமல் அங்கேயே நின்று தேதி, சாவடியின் பெயர், வண்டி எண் மூன்றையும் பாருங்கள். பின்னால் பத்து லாரி டிரைவர்கள் நின்றாலும் பரவாயில்லை, பாருங்கள். போட்ஸ்வானா, நமீபியா, தென்னாப்பிரிக்கா மூன்றும் ஒரே சுங்க ஒன்றியம் என்பதால் முதல் நாட்டில் நுழைவு முத்திரை, கடைசி நாட்டை விட்டு வண்டி வெளியேறும்போது வெளியேற்ற முத்திரை என்பதுதான் அங்கே முறை.

கார்னே இல்லாமல் சாவடியிலேயே தற்காலிக இறக்குமதி அனுமதி வாங்கிப் போகிறவர்களும் உண்டு. கென்யாவில் பதிவான வண்டிக்கு அது பொருந்தும். ஊரிலிருந்து கொண்டுபோகிற வண்டிக்கு, முதல் பயணத்தில், கார்னே எடுத்துவிடுங்கள் என்பதே என் கருத்து.

காப்பீட்டுக்கு, கொமேசா என்ற கிழக்கு, தென் ஆப்பிரிக்க நாடுகளின் வணிகக் கூட்டமைப்பு நடத்தும் மஞ்சள் அட்டை. கென்யாவில் மூன்றாம் நபர் காப்பீடு எடுக்கும்போதே கேட்டு வாங்கினால் தான்சானியாவுக்கும் ஜாம்பியாவுக்கும் அதே அட்டை செல்லும், சாவடிக்குச் சாவடி வாங்க வேண்டியதில்லை. தெற்கே அது செல்லாது. போட்ஸ்வானாவிலும் நமீபியாவிலும் நுழையும்போது சாலைக் கட்டணம் வாங்குவார்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள், வழியில் சோதனையில் கேட்பார்கள். தென்னாப்பிரிக்காவில் விபத்தில் அடிபடுகிறவர்களுக்கான நிதியைப் பெட்ரோல் விலையிலேயே பிடித்துவிடுகிறார்கள், ஆனால் அடுத்தவர் காருக்கு நேரும் சேதம் அதில் சேராது, அதற்குத் தனியாகக் காப்பீடு தேடிக்கொள்ள வேண்டும்.

பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி உங்கள் ஆர்டிஓவிலேயே கிடைக்கும், அதுவும் ஓராண்டுக்கு. அசல் ஆர்சி, உரிமம், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் கலர் நகல்கள் ஒரு கட்டு எடுத்து வையுங்கள். சாலையில் யாராவது கேட்டால் முதலில் நீட்ட வேண்டியது நகல்.

விசாவைப் பொறுத்தவரை கென்யா 2024 ஜனவரி முதல் இணையவழிப் பயண அனுமதி முறைக்கு மாறிவிட்டது. தான்சானியாவுக்கு ஆன்லைன் விசா. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு தென்னாப்பிரிக்க விசாவை ஊரிலேயே வாங்கிக்கொண்டு கிளம்புங்கள், அதுதான் அதிக நாள் எடுக்கும். நுழையும் தேதிக்குத் தாராளமான இடைவெளி விட்டு விசா கேளுங்கள், நீங்கள் அங்கே போய்ச் சேர இரண்டு மாதம் ஆகும் என்பதைக் கடிதத்திலேயே விளக்குங்கள். மற்ற நாடுகளின் விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்பும் மாதத்தில் அந்தந்த அரசுத் தளத்தில் பாருங்கள், போன வருடம் போனவர் சொன்னதை நம்பிப் போகாதீர்கள்.

உடம்பு

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்னால் போட வேண்டும், 2016-லிருந்து அந்தச் சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். கென்யாவிலிருந்து வருகிறவர்களிடம் தென்னாப்பிரிக்காவும் இந்தச் சான்றைக் கேட்கும், இந்தியாவும் கேட்கும். இது இல்லாமல் ஊர் திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம்.

மலேரியாவை யாரும் லேசாக எடுக்க வேண்டாம். தான்சானியாவிலும் ஜாம்பியாவிலும் இருப்பது பெரும்பாலும் ஃபால்சிபாரம் வகை, ஓரிரு நாளில் ஆளைச் சாய்க்கக்கூடியது. தடுப்பு மாத்திரை எது என்று மருத்துவரிடம் பேசும்போது, நாள் முழுக்க வெயிலில் பைக் ஓட்டப் போகிறேன் என்பதைச் சொல்லுங்கள். டாக்ஸிசைக்ளின் மலிவு, ஆனால் வெயில் பட்டால் சிலருக்குத் தோல் வெந்துபோகும், கையுறைக்கும் சட்டைக்கும் இடையே தெரியும் மணிக்கட்டில்தான் முதலில் தெரியும். அட்டோவாகுவோன், ப்ரோகுவானில் சேர்ந்த மாத்திரை விலை கூடுதல், அந்தத் தொல்லை குறைவு.

பயணக் காப்பீட்டில் சிறிய எழுத்தைப் படியுங்கள். பல பாலிசிகள் குறிப்பிட்ட சிசிக்கு மேலுள்ள வண்டி ஓட்டினால் பணம் தராது. மருத்துவமனை இல்லாத இடத்திலிருந்து தூக்கிப்போகும் செலவு அடங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் நைரோபி வில்சன் விமான நிலையத்திலிருந்து இயங்கும் ஆம்ரெஃப் பறக்கும் மருத்துவர் சேவை 1957-லிருந்து இந்த வேலையைச் செய்கிறது, அவர்களிடமே தனியாக உறுப்பினர் திட்டம் இருக்கிறது.

மூட்டை

கூடாரம், தூக்கப்பை, ஒரு பாத்திரம், இரண்டு செட் உடுப்பு, மழைக்கோட்டு. இதற்கு மேல் சேர்க்கும் ஒவ்வொன்றையும் மணலில் நீங்கள்தான் தூக்குவீர்கள். இரும்புப் பெட்டியைவிடத் துணிப் பைகள் நல்லது, விழும்போது காலை நசுக்காது. கடைகளில் தரும் பிளாஸ்டிக் பைகளில் துணி கட்டிக்கொண்டு போகாதீர்கள், கென்யா 2017-லும் தான்சானியா 2019-லும் அவற்றைத் தடை செய்துவிட்டன.

கருவிகளில் கஞ்சத்தனம் வேண்டாம். டயர் லீவர் மூன்று, முன்னுக்கும் பின்னுக்கும் மாற்று ட்யூப், ஒட்டுப் பொருள், பேட்டரியில் ஓடும் சின்னக் காற்றடிப்பான், செயின் லிங்க், பிரேக் பேடு, கிளட்ச் லீவர், ஏர் ஃபில்டர், எம்-சீல், கேபிள் டை. மாற்று கிளட்ச் கேபிளைப் பையில் வைக்காமல், இப்போது ஓடுகிற கேபிளின் பக்கத்திலேயே சேர்த்துக் கட்டிவிடுங்கள். அறுந்தால் இரண்டு முனையையும் மாட்டினால் போதும், டேங்கைக் கழற்ற வேண்டாம். கிளம்புவதற்கு முன் பின்சக்கரத்தைக் கழற்றி, ட்யூப் மாற்றி, மறுபடி மாட்டுவதை உங்கள் கையாலேயே செய்து பழகுங்கள். யூட்யூபில் பார்த்தது போதாது.

அதே சமயம் எல்லாவற்றையும் நீங்களே செய்துகொள்ள வேண்டியிருக்கும் என்றும் பயப்படாதீர்கள். தான்சானியாவில் மெக்கானிக்கை ஃபுண்டி என்பார்கள், ஏதாவது ஒரு மரத்தடியில் இருப்பார். மகம்பாகோ பக்கம் ஒரு ஃபுண்டி என் ட்யூபுக்கு ஒட்டுப் போட்டதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பழைய எஞ்சின் பிஸ்டன் ஒன்றை இரும்புப் பிடியில் கவிழ்த்து மாட்டியிருந்தார். ஓட்டை மேல் பச்சை ரப்பர்த் துண்டை வைத்து, பிஸ்டனை அதன்மேல் இறுக்கி, குழிக்குள் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார். தீ தானாக அணையும்வரை என்னிடம் இந்தியாவில் பாக்ஸர் என்ன விலை என்று விசாரித்துக்கொண்டிருந்தார். எடுத்துப் பார்த்தால் ஒட்டு ட்யூபோடு ஒன்றாக உருகிச் சேர்ந்திருந்தது. அந்த ட்யூப் கேப் டவுன் வரை வந்தது.

ஓட்டும்போது

நைரோபியில் இறங்கியதும் மறுநாளே கிளம்பாமல் சில நாட்கள் இருங்கள். கேரன் பகுதியிலுள்ள ஜங்கிள் ஜங்ஷன் முகாம் நெடும்பயணிகள் பல ஆண்டுகளாகக் கூடும் இடம், எதிர்த்திசையிலிருந்து வந்தவர்களிடம் கேட்பதுதான் சாலை நிலவரத்துக்கு ஆகச் சிறந்த செய்தி. அப்புறம் நமங்கா எல்லை வழியாக தான்சானியாவின் அருஷா, மோஷி. கிளிமஞ்சாரோ பெரும்பாலும் மேகத்துக்குள்தான் இருக்கும், அதிகாலையில் பாருங்கள்.

தான்சானியாவில் ஒவ்வொரு ஊர் எல்லையிலும் 50 கிலோமீட்டர் வேக வரம்பு, வெள்ளைச் சீருடைப் போலீசார் மரநிழலில் வேகமானியோடு நிற்பார்கள். ஊர் முடிகிறது என்ற பலகை வரும்வரை ஐம்பதைத் தாண்டாதீர்கள், அவ்வளவுதான். நிறுத்தினால் ஹெல்மெட்டைக் கழற்றி, கண்ணாடியைக் கழற்றி, முதலில் வணக்கம் சொல்லுங்கள். உங்களைவிட மூத்தவர் என்றால் ஷிகமூ என்று சொல்லுங்கள், பெரியவர்களுக்கு மட்டும் சொல்லும் மரியாதை வணக்கம் அது. மராஹாபா என்று பதில் வரும், முகம் மலரும். அபராதம் கட்ட வேண்டியிருந்தால் அரசு ரசீதோடு மட்டும் கட்டுங்கள், ரசீதில்லாமல் குறைத்துக் கட்டும் பேரத்துக்குள் போகாதீர்கள், பின்னால் வருகிற ஒவ்வொரு பயணிக்கும் அது விலையேற்றம்.

மொரோகோரோ தாண்டினால் நெடுஞ்சாலை மிக்குமி தேசியப் பூங்காவின் நடுவே போகிறது. பொதுவாக ஆப்பிரிக்க வனப் பூங்காக்களுக்குள் பைக்கை விடமாட்டார்கள், இது பொதுச்சாலை என்பதால் விடுகிறார்கள். ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் சாலையோரம் மேயும், படமெடுக்க இறங்காதீர்கள். அதைத் தாண்டி இரிங்கா வரும்வரை பள்ளத்தாக்கு முழுக்கப் பருத்த பாவோபாப் மரங்கள். இரிங்காவுக்குத் தெற்கே கிசோலான்சா பண்ணையில் முகாமிடலாம், வெந்நீர் உண்டு, அந்த உயரத்துக் குளிருக்கு அது பெரிய விஷயம்.

இந்தச் சாலையில் லாரிகள் அதிகம். சாலையில் நடுநடுவே பச்சை இலைக்கொத்து ஒடித்துப் போட்டிருந்தால், முன்னால் வளைவில் ஒரு லாரி பழுதாகி நிற்கிறது என்று பொருள். உடனே வேகத்தைக் குறையுங்கள்.

துந்துமா, நக்கொண்டே வழியாக ஜாம்பியா. இந்தப் பாதையிலேயே பொறுமையைச் சோதிக்கும் எல்லை இதுதான், லாரிகள் கிலோமீட்டர்கணக்கில் நிற்கும். பைக் அவற்றின் ஓரமாக முன்னே போகலாம், தவறில்லை. காகிதம் முடித்துத் தருகிறேன் என்று இளைஞர்கள் சூழ்வார்கள். வேண்டாம் என்றால் சிரித்துக்கொண்டே ஒருமுறை சொல்லி நடந்துவிடுங்கள். உதவி வேண்டுமென்றால் ஒருவரை மட்டும் தேர்ந்து, கூலியை முன்பே பேசி, பாஸ்போர்ட்டை மட்டும் யார் கையிலும் கொடுக்காதீர்கள். வரிசை இதுதான்: முதலில் இமிக்ரேஷன், பிறகு சுங்கம், பிறகு சாலைக் கட்டணங்கள், கடைசியாகக் காப்பீடு. நமங்கா, நக்கொண்டே, பின்னால் போட்ஸ்வானாவுக்குள் நுழையும் கசுங்குலா மூன்றிலும் இரண்டு நாட்டு அதிகாரிகளும் ஒரே கட்டடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். வசதிதான், ஆனால் விட்டுவரும் நாட்டின் சுங்கக் கவுண்டரைக் கவனிக்காமல் நேராக அடுத்ததற்குப் போய்விட வாய்ப்பு அதிகம், கார்னேயில் வெளியேற்ற முத்திரை விடுபடுவது இங்கேதான். சாவடியை அடையும் நேரம் காலை பத்துக்குள் இருக்கட்டும்.

ஜாம்பியாவில் ஊர்கள் தள்ளித் தள்ளி இருக்கும், டேங்க் பாதியானதும் நிரப்புங்கள். காட்டோரங்களில் செட்சி ஈ உண்டு, உடுப்புக்கு மேலேயே கடிக்கும், நீலமும் கறுப்பும் அதை இழுக்கும் நிறங்கள். ஜாக்கெட் வாங்கும்போது சாம்பல், காக்கி நிறங்களைப் பாருங்கள். லிவிங்ஸ்டனிலிருந்து கசுங்குலா போனால் ஜாம்பெசி மேல் 923 மீட்டர் பாலம், 2021 மே மாதம் திறந்தது. அதற்கு முன் படகுக்காக லாரிகள் நாள்கணக்கில் காத்துக்கிடந்த இடம்.

பாலம் தாண்டினால் போட்ஸ்வானா, அங்கிருந்து நாட்டா என்ற ஊர் வரை சுமார் 300 கிலோமீட்டர் யானைகளின் சாலை. வேலி கிடையாது. யானை சாலையில் நின்றால் நூறு மீட்டர் முன்னாலேயே நிறுத்துங்கள். ஹாரன் அடிக்காதீர்கள், எஞ்சினை முறுக்காதீர்கள், கூட்டத்துக்கும் குட்டிக்கும் நடுவில் புகுந்து போகவே கூடாது. பின்னாலிருந்து கார் வந்தால் அதை முன்னே விட்டு அதன் நிழலில் கடக்கலாம். இந்தச் சாலையில் மாலை நாலரைக்கு மேல் வண்டி ஓடக் கூடாது. சொல்லப்போனால் இந்தப் பயணம் முழுவதற்கும் அதுதான் சட்டம். யானை மட்டுமில்லை, கழுதை, மாடு, விளக்கில்லாத லாரி, நமீபியாவில் குடு மான் எல்லாம் அந்தி நேரத்துக்கென்றே காத்திருக்கும்.

போட்ஸ்வானாவில் நடுநடுவே கால்நடை நோய்த் தடுப்புச் சாவடிகள் வரும். பச்சை இறைச்சியைக் கொண்டுபோக விடமாட்டார்கள், செருப்பையும் டயரையும் மருந்து நீரில் நனைத்துத்தான் போக வேண்டும். மவுன், கான்சி வழியாகக் கலஹாரியைக் கடக்கும்போது ஐந்து லிட்டர் தண்ணீர் வண்டியில் இருக்கட்டும். சாலை நேர்கோடு, தூக்கம் சொக்கும், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடங்கள்.

நமீபியாவின் சரளை

இங்கே நிதானமாக இருங்கள். தலைநகர் விந்துக்கிலிருந்து கடற்கரை ஊரான ஸ்வாகோப்முண்டுக்குத் தாரிலேயே போய், அங்கிருந்து வால்விஸ் பே வந்து சி14 சாலையில் குயிசெப் கணவாய் வழியாக சாலிட்டேர் வரை வருவது புதியவருக்கு நல்ல பயிற்சி. கிளம்பும்முன் டயர் காற்றை 25 பிஎஸ்ஐ பக்கம் இறக்குங்கள், அதற்கும் கீழே போனால் கல்லில் மோதி ட்யூப் கடிபடும். நின்றுகொண்டு ஓட்டுங்கள், முழங்கால்களால் டேங்கை லேசாகப் பிடித்து, கைகளைத் தளர்வாக வைத்து, பார்வையை முன்சக்கரத்தில் வைக்காமல் தூரத்தில் வையுங்கள். முன்சக்கரம் ஆடும், ஆடட்டும். திடீரென்று மணல் வந்தால் முன்பிரேக்கைத் தொடாதீர்கள், ஆக்ஸிலரேட்டரைப் படக்கென்று மூடாதீர்கள், உடம்பைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி சீராகக் கொடுத்துக்கொண்டே கடந்துவிடுங்கள். எதிரே கார் வந்தால் தூசியில் சில நொடி ஒன்றும் தெரியாது, முன்பே ஓரமாகி வேகம் குறையுங்கள். 60, 70-க்கு மேல் தேவையில்லை.

சாலிட்டேரில் பெட்ரோல் உண்டு, சுடச்சுட ஆப்பிள் பை விற்கும் பேக்கரியும் உண்டு, பாலைவனத்து நடுவில் இரண்டுமே வரம். சோசுஸ்வ்லேய் மணல்மேடுகளைப் பார்க்க செஸ்ரியம் வாயில்வரை மட்டும்தான் பைக், உள்ளே விடமாட்டார்கள். முகாமில் வண்டியை நிறுத்திவிட்டு வேறொருவர் காரிலோ அங்குள்ள பயண வண்டியிலோ போங்கள், விடியும்முன் போங்கள். பணம் மாற்றும் கவலை இங்கிருந்து குறையும், தென்னாப்பிரிக்க ராண்டை நமீபியாவில் ஒன்றுக்கொன்றாக வாங்குவார்கள். நமீபிய டாலரை மட்டும் மிச்சம் வைக்காதீர்கள், எல்லை தாண்டினால் யாரும் வாங்கமாட்டார்கள். வடக்கு நாடுகளுக்கு டாலர் எடுத்துப் போகும்போது புதிய, மடிப்பில்லாத நோட்டுகளாக எடுங்கள், பழைய ஆண்டு அச்சிட்டதைத் திருப்பித் தந்துவிடுவார்கள்.

செலவு என்ன ஆகும் என்று எல்லோரும் கேட்பார்கள். கூடாரம், தெருவோரச் சாப்பாடு, சின்ன வண்டி என்று போனால் பெட்ரோலும் சேர்த்து நாளுக்கு 40, 50 டாலரில் சமாளிக்கலாம். முகாம் கட்டணம் பெரும்பாலும் 10 முதல் 20 டாலருக்குள். விசா, கப்பல், காப்பீடு தனிக் கணக்கு. சைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கிழக்கில் கஷ்டமில்லை, சப்பாத்தியும் பீன்ஸும் எங்கும் கிடைக்கும், தான்சானியாவில் பாலும் மசாலாவும் போட்ட டீகூட உண்டு. தெற்கே போகப்போகக் கறி ஆதிக்கம், சந்தையில் காய் வாங்கி நீங்களே சமைப்பது நல்லது.

போய்ச் சேர்ந்த பிறகு

நூர்டூவர், வியூல்ஸ்டிரிஃப் எல்லையில் ஆரஞ்சு ஆற்றைத் தாண்டி என்7 பிடித்தால் கேப் டவுன். கண்டத்தின் தென்கோடி நன்னம்பிக்கை முனை இல்லை, அதற்குத் தென்கிழக்கே இருக்கும் அகுல்ஹாஸ் முனை. கேப் டவுனிலிருந்து ஒரு நாள் ஓட்டம், தவறவிடாதீர்கள். நாள் மிச்சமிருந்தால் கடற்கரையோடு டர்பன் வரை போகலாம். 1860-ல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் கரும்புத் தோட்ட வேலைக்குப் போய் இறங்கியவர்களின் வழிவந்த தமிழர்கள் அங்கே இருக்கிறார்கள், கோவில்களும் இருக்கின்றன.

வண்டியை அங்கேயே விற்றுவிடலாம் என்ற யோசனை வேண்டாம். பழைய வண்டி இறக்குமதிக்குத் தென்னாப்பிரிக்காவில் கடும் கட்டுப்பாடு உண்டு, கார்னேயையும் முடித்துவைக்க முடியாது. சரக்கு முகவரை விந்துக்கில் இருக்கும்போதே மின்னஞ்சலில் பிடித்துவிடுங்கள், கப்பலேற்றும்போது கார்னேயில் வெளியேற்ற முத்திரை விழுந்ததைப் படமெடுத்து வையுங்கள். ஊர் வந்ததும் இந்தியச் சுங்கத்தில் வண்டி திரும்பியதற்கான பதிவு வாங்கி, புத்தகத்தைச் சங்கத்திடம் ஒப்படைத்தால்தான் பிணைத்தொகை திரும்பும்.

விமானத்தில் ஏறும்போது மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் கைப்பையில் இருக்கட்டும். மலேரியா மாத்திரையை ஊர் வந்ததும் நிறுத்திவிடாதீர்கள், மலேரியாப் பகுதியை விட்டு வந்தபின் டாக்ஸிசைக்ளின் நான்கு வாரம், மற்றது ஏழு நாள் தொடர வேண்டும். அடுத்த சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள், ஆப்பிரிக்காவில் இருந்துவிட்டு வந்தேன் என்பதை முதல் வரியிலேயே சொல்லி ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.